பக்கெட் சிக்கன்: எந்தக் கடைங்கறத விடுங்க, எந்த பீஸ்னு பாருங்க

ஞாயித்துக்கிழமைனா எங்க வீட்டுல கறி இருந்தே ஆகணும், மதுரையில இருந்தப்பவும் அப்படித்தான், டெக்சாஸ் வந்து பன்னெண்டு வருஷம் ஆன பெறகும் அப்படித்தான். என்ன, அங்க காலைல ஆறு மணிக்கே மஞ்சப்பையோட கறிக்கடை வாசல்ல நிக்கணும், இங்க துணி துவைச்சு காஸ்ட்கோங்கற பெரிய மொத்தக்கடைக்குப் போயிட்டு வந்து அலுத்துப் போயி, அடுப்புப் பக்கமே திரும்பப் பிடிக்காம, சாயங்காலமா டிரைவ் த்ரூல கேஎஃப்சி பொரிச்ச சிக்கன் ஒரு பக்கெட் வாங்கிட்டு வந்துடறது. பல வருஷமா இதப் பத்தி யோசிச்சதே இல்ல.

போன கோடையில மாமா, அதாவது எங்க வீட்டுக்காரரோட அப்பா, ஆறு மாசம் இருக்கலாம்னு வந்தாங்க. 74 வயசு, பிபி மாத்திரை ரெண்டு வேளை. முதல் ஞாயித்துக்கிழமை பக்கெட்டத் திறந்து ஒரு பீஸ எடுத்துக் கடிச்சாங்க, கொஞ்ச நேரம் மென்னாங்க, அப்புறம் என்னையப் பாத்து, "ஏம்மா, இதென்ன உப்புக்கண்டமா?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். அன்னைக்கு ராத்திரி சும்மா அந்த கம்பெனிக்காரங்களே போடற சத்து அட்டவணையத் திறந்து பாத்தேன், பாத்ததும் சிரிப்பெல்லாம் போச்சு.

எங்க வீட்டுல ஒரு பக்கெட்டுக்கு நாலு கவலை. மாமாவுக்கு உப்பு. வீட்டுக்காரருக்கு கொலஸ்ட்ரால், டாக்டர் சாச்சுரேட்டட் ஃபேட்ட, அதாவது கொலஸ்ட்ரால ஏத்தற கொழுப்ப, குறைங்கன்னு சொல்லியிருக்காரு. பையனுக்கு 16 வயசு, ஜிம்முக்குப் போறான், வாயத் திறந்தா புரோட்டீன். எனக்கு எடை. சரி எல்லாத்தையும் ஒரு எக்ஸெல்ல போட்டுப் பாத்துடுவோம்னு உக்காந்தேன், அதோட விளைவுதான் இது. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், இதுல வர்ற நம்பர் எல்லாம் அமெரிக்கக் கடைகளுக்கு, அந்தந்தக் கடையே வெளியிட்டது, அப்பப்ப பத்து இருபது முன்னப் பின்ன மாறும். நம்ம ஊர் கடைக்கு இதை அப்படியே எடுத்து வச்சுக்காதீங்க, எண்ணெய் வேற, பீஸ் சைஸ் வேற, உப்பும் வேற. அது எவ்வளவு மாறும்னா, ஆறு நாட்டு ஃபாஸ்ட்ஃபுட்ல உப்ப அளந்து 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல அதே மெக்டொனால்ட்ஸ் நக்கெட்ஸ்ல 100 கிராமுக்கு கனடாவுல 1.5 கிராம் உப்பு, இங்கிலாந்துல 0.6 கிராம். பேரு ஒண்ணு, டப்பா ஒண்ணு, உப்பு ரெண்டரை மடங்கு.

முதல்ல கேஎஃப்சி. பக்கெட்டுக்குள்ள நாலு விதமான பீஸ் இருக்கும், நெஞ்சுக்கறி, தொடை, லெக், ரெக்கை. நம்ம ஊர்ல லெக் பீஸ்னா தொடையும் சேத்தே வரும், இங்க அத ரெண்டா வெட்டி கீழ் பாதியத்தான் டிரம்ஸ்டிக்ங்கறான், நான் லெக்னு சொல்றது அந்தக் கீழ் பாதிய. ஒரிஜினல் ரெசிபின்னு விக்கற அவங்க பழைய வகையோட கணக்கு இது: நெஞ்சுக்கறி 390 கலோரி, கொழுப்பு 21 கிராம், புரோட்டீன் 39, சோடியம் (உப்புல இருக்கறது, பிபிக்கு ஆகாதது இதுதான்) 1190 மில்லிகிராம். தொடை 280 கலோரி, கொழுப்பு 19, புரோட்டீன் 19, சோடியம் 910. லெக் 130 கலோரி, கொழுப்பு 8, புரோட்டீன் 12, சோடியம் 430. ரெக்கை 130 கலோரி, கொழுப்பு 8, புரோட்டீன் 10, சோடியம் 380.

இதப் பாத்ததும் எல்லாருக்கும் தோணுறது, ஐயோ நெஞ்சுக்கறிதான் பெரிய நம்பர், அத விட்டுட்டு தொடைய எடுத்துப்போம்னு. நானும் வருஷக்கணக்கா அப்படித்தான் பண்ணிட்டிருந்தேன். ஆனா பீஸ் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சைஸ், அப்படியே பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறதுல அர்த்தம் இல்ல, 100 கலோரி சாப்பிட்டா எவ்வளவு புரோட்டீன் வருதுன்னு பாக்கணும். நெஞ்சுக்கறியில 10 கிராம், லெக்ல 9 சொச்சம், ரெக்கையில 7.7, தொடையில 6.8. நான் டயட்டுன்னு நெனச்சு எடுத்துட்டிருந்த தொடைதான் இருக்கறதுலயே கடைசி.

அடுத்தது இன்னும் நல்லா இருக்கு. ரெண்டு லெக்க ஒரு தொடையோட வச்சுப் பாருங்க. ரெண்டு லெக் 260 கலோரி, கொழுப்பு 16, புரோட்டீன் 24, சோடியம் 860. ஒரு தொடை 280, 19, 19, 910. எந்தப் பக்கம் பாத்தாலும் ரெண்டு லெக்தான் மேல! கையில ரெண்டு பீஸ் இருக்கு, மனசுக்கும் திருப்தி. மூணு லெக்குனா கிட்டத்தட்ட ஒரு நெஞ்சுக்கறி, கலோரி சரியா 390, புரோட்டீன் 36. கல்யாண பந்தியில பிரியாணிக்குள்ள கைய விட்டு லெக் பீஸ் தேடின நம்ம ஆளுங்க தெரியாம தேடல போல.

ரெக்கை விஷயம் கொஞ்சம் ஏமாத்து வேலை. சின்னதா இருக்கே, ரெண்டு சாப்பிட்டா என்ன ஆயிடப் போகுதுன்னு தோணும், ஆனா அதுல கறி கொஞ்சம், தோல் நிறைய, அந்தத் தோல் முழுக்க மாவு ஒட்டியிருக்கும், மாவு முழுக்க எண்ணெய். பீஸ் சின்னதாக ஆக அதோட கறிக்கு மேல்பரப்பு ஜாஸ்தியாகிட்டே போகும், இது பஜ்ஜி போடறவங்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்ல, வாழக்காய தடிமனா சீவினா ஒரு மாதிரி, மெல்லிசா சீவினா எண்ணெய் குடிக்கற குடியப் பாத்தாலே தெரியும். இதோட உச்சம் பாப்கார்ன் சிக்கன், குட்டிக் குட்டித் துண்டா பொரிச்சது, இங்க கேஎஃப்சியில 2023 வரைக்கும் இருந்துச்சு. பெரிய சைஸ் 620 கலோரி, புரோட்டீன் வெறும் 27 கிராம். அதாவது 100 கலோரிக்கு நாலு சொச்சம். அதுல கோழிய விட கோட்டிங்தான் அதிகம்னு நாக்கே சொல்லும், நாமதான் கேக்கறதில்ல.

சரி, ஒரிஜினலா எக்ஸ்ட்ரா கிரிஸ்பியா? எங்க பையன் கிரிஸ்பி கட்சி. அவன் சொல்றது, அம்மா ரெண்டும் அதே கோழிதானேன்னு. கோழி அதேதான். கிரிஸ்பி நெஞ்சுக்கறி 530 கலோரி, கொழுப்பு 35 கிராம், புரோட்டீன் 35. அதாவது ஒரிஜினல விட 140 கலோரி கூட, 14 கிராம் கொழுப்பு கூட, புரோட்டீன் நாலு கிராம் கம்மி. 14 கிராம் கொழுப்புங்கறது ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய அளந்து அவன் கண்ணு முன்னாடி ஊத்தி, இத அப்படியே குடிடான்னேன். மூஞ்சிய சுளிச்சான். ஆனாலும் கிரிஸ்பிதான் கேக்கறான், அது வேற கதை.

ஏன் இந்த வித்தியாசம்னா, பொரிக்கற முறை. கென்டக்கியில கார்பின்ங்கற ஊர்ல ரோட்டோரம் கடை வச்சிருந்த ஹார்லண்ட் சாண்டர்ஸ், இரும்புச் சட்டியில கோழி பொரிச்சா அரைமணி நேரம் ஆகுது, வந்த ஆளு காத்திருக்க மாட்டேங்கறான்னு, 1939 வாக்குல பிரஷர் குக்கர்லயே எண்ணெய ஊத்திப் பொரிச்சுப் பாத்தாரு, அதான் ஆரம்பம். (வீட்டுல யாரும் இத முயற்சி பண்ணிடாதீங்க, நம்ம குக்கர் அதுக்கு ஆனது இல்ல, வெடிச்சா முகமே போயிடும்.) மூடி போட்டு அழுத்தத்துல பொரிச்சா சீக்கிரம் வேகும், கறியோட ஈரம் உள்ளயே தங்கும், ஈரம் உள்ள இருக்கற வரைக்கும் எண்ணெய்க்கு எடம் இல்ல. எக்ஸ்ட்ரா கிரிஸ்பி அப்படி இல்ல, மாவு ரெண்டு தடவை பெரட்டி, திறந்த எண்ணெயில பொரிக்கறது. மொறுமொறுப்புனா என்ன, தண்ணி வெளியேறின எடம்தான, அந்த ஓட்டையில எண்ணெய் உக்காந்துக்கும். அதுவும் சட்டியில இருக்கறப்ப இல்ல, எடுத்து வெளிய வச்சு ஆறும்போதுதான் மேல ஒட்டியிருக்கற எண்ணெயில நிறைய உள்ள இழுக்கும், அதனாலதான் அம்மா வடைய எடுத்த உடனே ஓட்டைக் கரண்டியில நல்லா வடிய விட்டுட்டு தட்டுல போடுவாங்க.

இப்போ பாப்பாய்ஸ். லூசியானாக்காரங்க கடை, 1972ல நியூ ஆர்லியன்ஸ் பக்கத்துல ஆரம்பிச்சது. ருசின்னு கேட்டா நான் இங்கதான் போவேன், காரம் இருக்கு, நம்ம நாக்குக்கு ஒத்து வருது. நம்பரப் பாத்தா நெஞ்சுக்கறி 380 கலோரி, கொழுப்பு 20, புரோட்டீன் 35, சோடியம் 1230. கேஎஃப்சிக்கும் இதுக்கும் பெரிசா ஒண்ணுமில்லையேன்னு தோணுதா? அட்டவணையில இன்னொரு கட்டத்தையும் பாருங்க, சாச்சுரேட்டட் ஃபேட். கேஎஃப்சி நெஞ்சுக்கறியில 4 கிராம், இங்க 8 கிராம். ரெக்கையில கேஎஃப்சி 2, இங்க 6. நெஞ்சுக்கறியில கலோரியும் மொத்தக் கொழுப்பும் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா கெட்ட பாதி டபுள்.

காரணம் எண்ணெய். இங்க பாப்பாய்ஸ்ல பொரிக்கறது மாட்டுக் கொழுப்புல. ஆமா, கோழிதான் வாங்கறோம், ஆனா பொரியறது மாட்டுக் கொழுப்பு. வருஷக்கணக்கா இங்க சாப்பிட்ட எத்தனையோ நம்ம ஆளுங்களுக்கு இது தெரியாது, மாட்டுக்கறி தொடாதவங்க வீட்டுல நான் இதச் சொல்லப் போயி ஒரு பொங்கல் விருந்தே அமைதியாயிடுச்சு. நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், அத அவங்கவங்க முடிவு பண்ணிக்கட்டும், சத்துக் கணக்குல மட்டும் சொல்றேன்: மாட்டுக் கொழுப்புல கிட்டத்தட்ட பாதி சாச்சுரேட்டட், சோயா எண்ணெயில சுமார் 15 சதவீதம், கடலெண்ணெயில 17, 18 இருக்கும். நம்ம ரேஷன் பாமாயிலும் பாதிதான், அதனால மாட்டுக் கொழுப்பத் திட்டறவங்க வீட்டு அப்பளச் சட்டியையும் ஒரு தடவை எட்டிப் பாத்துக்கலாம். ஆக, கொலஸ்ட்ரால் இருக்கற எங்க வீட்டுக்காரருக்கு பாப்பாய்ஸ் வேணாம்னு ஆச்சு. அமெரிக்க இதய சங்கம் சாச்சுரேட்டட் ஃபேட்டுக்கு ஒரு நாளைக்கு சொல்ற அளவு 13 கிராம் பக்கம், ஒரு நெஞ்சுக்கறியும் ஒரு ரெக்கையும் சாப்பிட்டா 14 ஆயிடுது, ராத்திரி மட்டும். காலைல குடிச்ச காப்பியில இருக்கற பாலக்கூட சேக்கல.

இங்க நியாயமா ஒண்ணு சொல்லணும், கேஎஃப்சியில சொன்ன ரெண்டு லெக் கணக்கு பாப்பாய்ஸ்ல அப்படியே வராது. அங்க தொடை 280 கலோரி, புரோட்டீன் 14, சோடியம் 640, லெக் 160 கலோரி, புரோட்டீன் 14, சோடியம் 460. புரோட்டீன்ல லெக் தூக்கிச் சாப்பிடுது, ஒரு லெக்கே ஒரு தொடைக்கு சமம். ஆனா ரெண்டு லெக் எடுத்தா சோடியம் 920 ஆயிடும். அதனால அங்க ஒரு லெக்கோட நிறுத்திக்கிட்டாத்தான் லாபம், நிறுத்தறவங்களுக்கு.

உப்புக்கு வருவோம், மாமா கேட்ட கேள்வி அதான. ஒரு நாளைக்கு சோடியம் 2000 மில்லிகிராமுக்குள்ளன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அமெரிக்கக் கணக்கு 2300, அது ஒரு டீஸ்பூன் உப்பு. மாமா அன்னைக்கு சாப்பிட்டது ஒரு தொடை, ஒரு லெக், ஒரு பிஸ்கட், ஒரு கப் கிரேவி ஊத்தின மசிச்ச உருளைக்கெழங்கு. கோழி மட்டும் 1340. பிஸ்கட்டும் கெழங்கும் தலைக்கு 500 சுமாருக்கு வரும். ஒரே வேளையில முழு நாள் கோட்டா காலி, அதுவும் காலைல சாம்பார் இட்லி, மத்தியானம் ஊறுகா வச்சு தயிர்சாதம் சாப்பிட்ட மனுஷனுக்கு. (பிஸ்கட்னா இங்க நம்ம பிஸ்கட் இல்ல, வெண்ணெய் போட்ட பன்னு மாதிரி ஒண்ணு. மாமா அத டீயில தொட்டு சாப்பிடலாம்னு டீ போடச் சொல்லிட்டு உக்காந்திருந்தாங்க.)

இவ்வளவு உப்பு எங்கேருந்து வருது? வீட்டுல கோழி பொரிச்சா மசாலாவுல உப்பு போடுவோம், அவ்வளவுதான். இவங்க ரெண்டு எடத்துல போடறாங்க. கோழிய முதல்லயே உப்பு, சோடியம் ஃபாஸ்ஃபேட், அஜினமோட்டோ எல்லாம் கலந்ததுல ஊற வைக்கறாங்க, ஃபாஸ்ஃபேட் கறிக்குள்ள தண்ணியப் புடிச்சு வைக்கும், அதான் கடிச்சா அந்த ஜூஸ், அதுவும் சோடியம்தான், அஜினமோட்டோவும் சோடியம்தான். அதுக்கு மேல மாவுலயும் உப்பு. எதுவும் சேக்காத நெஞ்சுக்கறிய தோல் எடுத்து சுட்டா 100 கிராமுக்கு சோடியம் 74 மில்லிகிராம்தான், அது கோழிக்கு இயற்கையா இருக்கறது. புரோட்டீன் 31 கிராம், கலோரி 165.

அப்போ தோல உரிச்சுட்டா? கேஎஃப்சியே முன்னாடி அவங்க லிஸ்ட்ல இதுக்குன்னு தனியா ஒரு வரி போட்டிருந்தாங்க, தோலும் மாவும் இல்லாத நெஞ்சுக்கறின்னு. அந்த லிஸ்ட்ல முழு பீஸ் 380 கலோரி, உரிச்சா 140. கொழுப்பு 19ல இருந்து 3க்கு எறங்குது. சோடியம் 1150ல இருந்து 410. அதாவது எண்ணெய் கிட்டத்தட்ட முழுசும் தோலும் மாவுமான அந்தச் சட்டையிலதான் இருக்கு, உப்பும் மூணுல ரெண்டு பங்கு சட்டையில. மிச்சம் ஊறின உப்பு உள்ளயே நிக்குது, அத உரிக்க முடியாது. மாமாவோட நாக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு, உப்புக்கண்டம் போடறவங்களும் உப்பு உள்ள ஏறட்டும்னுதான போடறாங்க. ஆனாலும் இந்த ஒரு வரிய விட பெரிய வித்தியாசம் என் ஷீட்ல வேற எதுலயும் இல்ல, கடை மாத்தினாலும் இல்ல, ரெசிபி மாத்தினாலும் இல்ல.

உரிச்சா அப்புறம் எதுக்கு அங்க போயி வாங்கணும்னு பையன் கேட்டான். நல்ல கேள்விதான். பதில் அப்புறம் வரும்.

நடுவுல ஒரு பழைய கதை, இந்த மாதிரி ஒப்பீடு எல்லாம் எப்படி ஏமாத்தும்ங்கறதுக்கு. 2003ல இங்க கேஎஃப்சி ஒரு விளம்பரம் போட்டாங்க, ரெண்டு ஒரிஜினல் ரெசிபி நெஞ்சுக்கறியில பர்கர் கிங் கடையோட வாப்பர்ங்கற ஒரு பெரிய மாட்டுக்கறி பர்கர விட கொழுப்பு கம்மின்னு. பொய் இல்ல, மொத்தக் கொழுப்பு துளியூண்டு கம்மிதான். ஆனா அந்த ரெண்டு பீஸ்ல ட்ரான்ஸ் ஃபேட்டும் (எண்ணெயில ஹைட்ரஜன் ஏத்தறப்ப வர்ற கெட்ட கொழுப்பு) கொலஸ்ட்ராலும் வாப்பர விட மூணு மடங்குக்கு மேல, சோடியம் ரெண்டு மடங்குக்கு மேல, கலோரியும் கூட. வணிகத்தக் கண்காணிக்கற அரசாங்க கமிஷன் புடிச்சுடுச்சு, 2004ல சமரசமாயி அந்த மாதிரி சொல்லக்கூடாதுன்னு ஆச்சு. அட்டவணையில ஒரு கட்டத்த மட்டும் காட்டினா எதையும் நல்லதுன்னு காட்டலாம், நான் மேல போட்ட லெக் பீஸ் கணக்கையும் அதே சந்தேகத்தோட படிங்க, தப்பில்ல.

அந்த ட்ரான்ஸ் ஃபேட் மட்டும் இப்போ தீந்த விஷயம். 2006ல கேஎஃப்சி மேல ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்கு போட்டுச்சு, அந்த வருஷக் கடைசியிலேயே எண்ணெய மாத்தறோம்னு அறிவிச்சு 2007ல மாத்திட்டாங்க, அப்புறம் பாதி ஹைட்ரஜன் ஏத்தின எண்ணெய நாடு முழுக்கவே எடுக்கச் சொல்லிட்டாங்க. 2018 மே மாசத்துல இருந்து 20 கடையோ அதுக்கு மேலயோ இருக்கற எந்த செயினும் மெனு போர்டுலயே கலோரி போட்டாகணும். கலோரி மட்டும்தான் போர்டுல. உப்பு வேணும்னா கேட்டு வாங்கணும், இல்ல ஆன்லைன்ல தேடணும், அதான் யாரும் பாக்கறதில்ல.

சிக்-ஃபில்-ஏங்கற இன்னொரு சிக்கன் கடை பத்தி எங்க தெரு தமிழ்க் குடும்பங்கள்ல ஒரு நல்ல பேரு உண்டு, அது ஹெல்த்தின்னு. முதல் பிரச்சனை, ஞாயித்துக்கிழமை லீவு. நமக்கு கறி நாளே அன்னைக்குத்தான்! அதனால அது எங்களுக்கு புதன்கிழமை கடை, பையன் பிராக்டிஸ் முடிஞ்சு வர்றப்ப. கடலெண்ணெயில பொரிக்கறாங்க, அதுவரைக்கும் சந்தோஷம். எலும்பு பீஸ் கிடையாது, சாண்ட்விச், நக்கெட் மாதிரிதான். சாண்ட்விச் 420ல இருந்து 440 கலோரிக்குள்ள, புரோட்டீன் 28, சோடியம் 1400 பக்கம். 2019ல ஊரே வரிசையில நின்னு ரெண்டு வாரத்துல காலி பண்ணின பாப்பாய்ஸ் சாண்ட்விச் 700 கலோரி, கொழுப்பு 42, சோடியம் அதே 1400 சொச்சம், புரோட்டீன் அதே 28. கோழி அதே அளவு, மிச்ச 260 கலோரி பன்னும் மயோனிஸும் தடிமனான கோட்டிங்கும். இதுல வேடிக்கை, 2010ல கேஎஃப்சி பன்னே இல்லாம ரெண்டு சிக்கன் துண்டுக்கு நடுவுல பேக்கனும் சீஸும் வச்சு டபுள் டவுன்னு ஒண்ணு போட்டப்ப நாடே அடச்சீன்னு சொல்லிச்சு, அது 540 கலோரி. பாக்கறதுக்கு அசிங்கமா இருந்ததால திட்டு வாங்கிச்சு, அழகா பன்னுக்குள்ள இருந்தா 700க்கும் வரிசை.

நக்கெட்தான் என் பையனுக்கு மாட்டின புதையல். சிக்-ஃபில்-ஏ பொரிச்ச நக்கெட் எட்டு பீஸ் 250 கலோரி, புரோட்டீன் 27, சோடியம் 1210. அதே எட்டு பீஸ் கிரில் பண்ணது 130 கலோரி, கொழுப்பு 3, புரோட்டீன் 25, சோடியம் 440. 100 கலோரிக்கு 19 கிராம் புரோட்டீன், என் ஷீட்லயே முதல் ராங்க். மெக்டொனால்ட்ஸ் பத்து பீஸ் 410 கலோரிக்கு 23 கிராம்தான் தருது. சரின்னு அவனும் கிரில்லுக்கு மாறினான், நானும் பெருமைப்பட்டேன். அப்புறம் ஒரு நாள் கார்ல திரும்பிப் பாத்தா மடியில மூணு சாஸ் பாக்கெட். அந்தக் கடையோட பேர்லயே வர்ற சாஸ் ஒரு பாக்கெட் 140 கலோரி, கொழுப்பு 13 கிராம். எட்டு நக்கெட்ட விட ஒரு பாக்கெட் சாஸ் பெரிசு! மூணு பாக்கெட்டுனா 420. கேட்டா, அம்மா கிரில்ட் ரொம்ப ட்ரையா இருக்கும்மாங்கறான். இப்போ பார்பிக்யூ சாஸுக்கு ஒரு பாக்கெட்னு ஒப்பந்தம், அது 45தான்.

கேஎஃப்சியிலயும் 2009ல கிரில்ட் சிக்கன் கொண்டு வந்தாங்க, ஓப்ரா வின்ஃப்ரேயோட டிவி நிகழ்ச்சியில கூப்பன் குடுத்து கூட்டம் தாங்காம தெணறினது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். நெஞ்சுக்கறி 210 கலோரி, புரோட்டீன் 38, சோடியம் 710. நம்பருக்கு அடிச்சுக்க ஆளில்ல. ஆனா எல்லாக் கடையிலயும் கிடைக்காது, எங்களுக்குப் பக்கத்துக் கடையில இல்ல, இல்லாதத வச்சு ஒப்பிட்டு என்ன பண்றது.

சைடு டிஷ் சுருக்கமா. சோளக்கதிர் 70 கலோரி, அதத் தவிர வேற எதுக்கும் யோசிக்காம தலையாட்டாதீங்க. மசிச்ச உருளை 130, கோல்ஸ்லா 170 (கோஸு இருக்கறதால காய்கறின்னு நெனச்சேன், அதுல 12 கிராம் கொழுப்பு), பிஸ்கட் 180. பெப்சி ஒரு கேன் 150 கலோரி, சர்க்கரை 41 கிராம். ஒரு பிஸ்கட்டும் ஒரு பெப்சியும் 330 கலோரி, அதுக்கு ரெண்டரை லெக் பீஸ் சாப்பிடலாம். எனக்கு எடை குறைய இந்த ஒரு கணக்கே போதுமா இருந்துச்சு, கோழியத் தொடவே வேண்டியதில்ல.

பையன் கேட்ட கேள்விக்கு வர்றேன், உரிச்சுதான் திங்கணும்னா எதுக்கு அங்க போகணும். காஸ்ட்கோவுல சூடா சுத்திக்கிட்டு இருக்குமே முழுக்கோழி, 4.99 டாலர், அத வாங்கிட்டு வந்து பாத்தேன். லேபிள்ல 3 அவுன்சுக்கு, அதாவது 85 கிராமுக்கு, 140 கலோரி, புரோட்டீன் 19, கொழுப்பு 7. இதெல்லாம் நல்லா இருக்கு, மாவு கிடையாது, பொரிக்கல. சோடியம்? 460. ஒரு ஆளு அதுல ரெண்டு பங்காவது சாப்பிடுவான், 920 ஆச்சு. பொரிக்காத கோழியாச்சேன்னு நம்பி மாமா தட்டுல தாராளமா வச்சுட்டு அப்புறம்தான் லேபிளப் படிச்சேன். உப்புத் தண்ணி அதுக்குள்ளயும் ஏத்தியிருக்கு. அதனால கொலஸ்ட்ராலுக்கும் எடைக்கும் அது பக்கெட்ட விட நல்லது, பிபிக்கு உரிச்ச கேஎஃப்சி நெஞ்சுக்கறியே தேவலை. இத எழுதும்போது எனக்கே நம்ப முடியல, ரெண்டு தடவை சரிபாத்தேன்.

வீட்டுலயே பொரிக்கலாமேங்கறவங்களுக்கு, பொரிக்கலாம், உப்பு நம்ம கையில இருக்கும், அது மாதிரி வராது. நானும் மாசத்துல ஒரு ஞாயிறு மிளகாத்தூள், இஞ்சி பூண்டு, தயிர், அரிசி மாவுன்னு போட்டு ஏர் ஃப்ரையர்ல வைக்கறேன். மத்த ஞாயித்துக்கிழமைக்கு உடம்புல தெம்பு இல்ல, அதான் உண்மை.

ஆக இப்போ எங்க வீட்டு ஆர்டர் இப்படி. கேஎஃப்சி ஒரிஜினல் எட்டு பீஸ் பக்கெட், பெப்சி கிடையாது, பிஸ்கட் வேணாம்னு சொல்லிட்டு அதுக்குப் பதிலா சோளக்கதிர். எனக்கு ரெண்டு லெக். பையனுக்கு நெஞ்சுக்கறி ஒண்ணு முழுசா, ரெண்டு ரெக்கையும் அவன்தான். தொடை ரெண்டும் பக்கெட்டோட வந்துடுது, அத திங்கக்கிழமை பிச்சுப் போட்டு குழம்புல தள்ளிடுவேன், குழம்புக்கு அதுக்கு மேல உப்பு போடறதில்ல. மாமாவுக்கு இன்னொரு நெஞ்சுக்கறி, தோல உரிச்சு, வீட்டுச் சோறும் ரசமும். அன்னைக்கு மத்தியானம் ஊறுகா கட். வீட்டுக்காரருக்கு அதுலேருந்து பிச்ச கறி கொஞ்சம், அவரே தியாகி மாதிரி போதும் போதும்னு சொல்லிடுவாரு.

மூணு வாரம் நல்லாத்தான் போச்சு. மாமா பொறுமையா உக்காந்து தோல அப்படியே சட்டை கழட்டற மாதிரி கழட்டி தட்டோரமா வைப்பாங்க, எனக்குப் பாக்கவே நிம்மதியா இருக்கும். நாலாவது வாரம் நான் ரசம் எடுக்க அடுப்படிக்குப் போயிட்டு கொஞ்சம் சீக்கிரம் திரும்பி வந்துட்டேன். மாமா தட்டோரம் காலியா இருக்கு, வீட்டுக்காரர் வாயில மொறுமொறுன்னு சத்தம். மாமா ஒண்ணுமே தெரியாத மாதிரி டிவியப் பாக்கறாங்க. பையன் குனிஞ்சு சிரிக்கறான், அவனுக்கு மூணு வாரமாவே தெரியும் போல.

"வீணாப் போகக்கூடாதுல்ல"ன்னாரு எங்க கொலஸ்ட்ரால்காரர்.